முப்பது தலைகள்: வகுப்பறையில் ஆடிய ஓர் அச்சக் கதை



சென்ற ஜூன் விடுமுறையில் உயர்நிலை ஒன்று, இரண்டு மாணவர் அறுவரைக் கொண்டு, சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள ஓர் அறையில், ஐந்து பிற்பகல்கள் ஒரு கதையாட்டம் நடத்தினேன். அஃது ஓர் அச்சக் கதை. மூன்றாம் நாள் மாலை ஒரு மாணவியின் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "தமிழ் படிக்கத்தானே அனுப்பினோம்? பேய்க்கதை எதற்கு, சார்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிடக் கவலையே மிகுந்திருந்தது. அன்று நான் சொன்ன விடை நான்கு வரிகளில் முடிந்துவிட்டது. அது போதாது என்று அப்போதே அறிவேன். ஆகவே முழு விடையை இங்கே எழுதுகின்றேன். அதற்கு முதலில் அந்த ஆட்டத்தின் வரலாற்றையும், பிறகு நம் நகரத்தில் 1853ஆம் ஆண்டு பரவிய ஓர் அச்சத்தின் வரலாற்றையும் சொல்ல வேண்டும்.

பேச்சால் ஆடும் ஆட்டம்

இவ்வாட்டத்தை அறியாத பெற்றோருக்காகச் சில சொற்கள். ஒரு மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தராவர். "நீங்கள் பாழடைந்த கோட்டையின் வாயிலில் நிற்கின்றீர்கள், உள்ளே விளக்கொளி தெரிகின்றது, என்ன செய்வீர்கள்?" என்று நடத்துநர் கேட்பார். ஆடுவோர் தாம் செய்ய விரும்புவதைச் சொல்வர். அது கைகூடுமா என்பது ஐயமாயின் பகடை உருட்டுவர். பெரும்பாலும் இருபது முகங்களுடைய பகடை. திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. ஆட்டம் முழுவதும் பேச்சுத்தான்.

இதன் முன்னோடி போர்ப் பயிற்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரஷ்யப் படை அதிகாரிகள் வரைபடத்தின்மீது கட்டைகளை நகர்த்திப் போர்க்கலை பயின்றனர். நடுவர் ஒருவர் விளைவுகளை அறிவித்தார். அம்மரபில் வளர்ந்த அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். படைக்குப் பதிலாக ஒரு தனி மாந்தர், போர்க்களத்துக்குப் பதிலாக மாய உலகம் என்பதே அவர்கள் செய்த மாற்றம்.

அச்சச் சுவை இதில் விரைவிலேயே புகுந்தது. 1981இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த 'கால் ஆஃப் கதுலு' வெளிவந்தது. அதில் கதைமாந்தருக்கு உடல் வலிமைபோல் மனநலத்துக்கும் ஓர் எண் உண்டு. காணக்கூடாததைக் கண்டால் அவ்வெண் குறையும். 1983இல் டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் எழுதிய 'ரேவன்லாஃப்ட்' வந்தது. பனிமூட்டம் சூழ்ந்த மலைக்கோட்டை, அதில் இரத்தம் குடிக்கும் பிரபு. அவனை வெல்லத் தேவையான பொருள்கள் எங்கே உள்ளன என்பது ஒவ்வொரு முறையும் சீட்டுக் குறி பார்ப்பதால் முடிவாகும். ஆகவே முன்பு ஆடியவருக்கும் அடுத்த முறை கதை புதிதாகவே இருக்கும்.

தமிழருக்கு இது முற்றிலும் அயலானதன்று. விக்கிரமாதித்தன் முதுகில் தொங்கும் வேதாளம் கதை சொல்லி முடிப்பதில்லை, இறுதியில் கேள்வி கேட்கின்றது. விடை தெரிந்தும் வாய் திறவாவிட்டால் தலை வெடிக்கும். வாய் திறந்தாலோ வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். கேட்பவன் சும்மா இருக்க இயலாத கதை அது. வகுப்பில் வாய் திறவா மாணவரைப் பேசவைக்க வேண்டிய ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

என் முதல் தோல்வி

இதை நான் முதன்முறை ஒழுங்காகச் செய்யவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன், ரேவன்லாஃப்டைப் போன்றதொரு கோட்டைக் கதையைத் தமிழில் நடத்த முயன்றேன். விளக்குகளை அணைத்தேன். ஓநாய் ஊளையை ஒலிபெருக்கியில் விட்டேன்.

விளைவு இருவகையில் கெட்டது. பனியையும் ஓநாயையும் நூல்களிலும் படங்களிலும் மட்டுமே கண்ட பிள்ளைகளுக்கு அவ்வுலகைப் பற்றிப் பேசத் தமிழ்ச் சொற்கள் கைவரவில்லை. இரண்டாம் வாக்கியத்திலேயே ஆங்கிலத்துக்குத் தாவினர். திடீர் ஒலியில் நடுங்கிய ஒரு சிறுமியோ அழுதுவிட்டாள். அடுத்த வாரம் வகுப்புக்கு வரவில்லை. நான் உண்டாக்கியது அச்சமன்று, வெறும் அதிர்ச்சி. பின்னாலிருந்து வந்து கத்துபவனும் அதைச் செய்ய முடியும். அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

அதன்பின், அச்சம் எங்கிருந்து பிறக்கின்றது என்று நம் நூல்களில் தேடினேன். விடை தொல்காப்பியத்தில் இருந்தது. பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், நகை முதலிய எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்தையும் வைக்கின்றது. அவ்வச்சம் பிறக்கும் இடங்கள் நான்கென்கின்றது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அதாவது, கண்ணுக்குப் புலப்படாத ஆற்றல், கொடிய விலங்கு, தீங்கு செய்யும் மனிதர், ஆளுவோர். தேர்வுக்காகப் பன்முறை மனனம் செய்ததுதான். ஆயினும் பழைய சிங்கப்பூர் வரலாற்றைப் படித்தபோதுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. 1853இல் இந்நகரம் இந்நான்கையும் ஒரே கதைக்குள் வைத்து அஞ்சியது.

1853: ஒரு நகரம் அஞ்சியது

இன்று புனித ஆண்ட்ரூ பேராலயம் நிற்கும் இடத்தில் அதற்கு முன்பு வேறொரு தேவாலயம் இருந்தது. கோல்மன் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1830களில் எழுந்தது. பின்னர் அதற்குக் கூர்ங்கோபுரம் சேர்த்தனர். 1845இலும் 1849இலும் அதன்மீது இடி விழுந்தது. கட்டடம் பாதுகாப்பற்றது என்று 1852இல் மூடப்பட்டது. ஐரோப்பியர் வேறிடத்தில் வழிபடலாயினர்.

நகரின் நடுவே, ஆளரவமற்று, இருமுறை இடி விழுந்த, வெள்ளையரே கைவிட்ட ஒரு கோயில்! கதை பிறப்பதற்கு வேறென்ன வேண்டும்? 1853இல் ஒரு வதந்தி கிளம்பியது. அந்தத் தேவாலயத்தில் தீய ஆவிகள் பெருகிவிட்டன. அதனால்தான் ஆளுநரும் ஐரோப்பியரும் அங்கே வழிபடுவதை நிறுத்திவிட்டனர். ஆவிகளை அமைதிப்படுத்த 30 மனிதத் தலைகள் தேவை. இரவில் வருவோர் போவோரை மடக்கிக் கொல்லுமாறு ஆளுநர் கைதிகளுக்கு ஆணையிட்டுள்ளார் என்பது அதன் சாரம். சீனர்கள் இரவில் வெளியே செல்லவே அஞ்சினர். அரசு மறுப்பு அறிவிப்பு வெளியிட்டது. சீனச் சமூகத் தலைவர்களும் தம் மக்களுக்கு எடுத்துரைத்து அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. சார்ல்ஸ் பர்ட்டன் பக்லி 1902இல் வெளியிட்ட பழைய சிங்கப்பூர் வரலாற்று நூலில் இந்நிகழ்ச்சியைக் காணலாம்.

அந்தக் கைதிகள் யார்? அவர்கள் இந்தியர்கள். 1825 ஏப்ரலில் பென்கூலனிலிருந்து முதற்குழு இங்கு வந்தது. முதலில் வந்தோர் மதராஸ் மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்ட 80 பேர். ஒரு வாரத்தில் வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர் வந்தனர். பின்னர்ப் பம்பாய் மாகாணத்திலிருந்தும் வந்தனர். சாலை போட்டனர், சதுப்பைத் தூர்த்தனர், கல் உடைத்தனர், செங்கல் அறுத்தனர். நன்னடத்தை உடையோர் கைதிகளுக்கே காவலராயினர். சிலர் அதிகாரிகளின் வீடுகளில் ஏவலராகவும் இருந்தனர். ஆகவே நகரத்தார் அவர்களை நாள்தோறும் தெருவில் கண்டனர். கண்டனரே தவிர, அவர்களோடு பழகவில்லை. அவர்கள் மொழியையும் அறியவில்லை. வதந்திக்கு அது வசதியாயிற்று.

காட்டிலோ புலி இருந்தது. மிளகுத் தோட்டங்களிலும், தோல் பதனிடப் பயன்படும் கேம்பியர் செடி வளர்த்த தோட்டங்களிலும் உழைத்த சீனத் தொழிலாளர் பலர் புலிக்கு இரையாயினர். 1854இல் இங்கு வந்த இயற்கையறிஞர் ஆல்பிரட் ரசல் வாலஸ், சராசரியாக நாளுக்கு ஒருவரைப் புலி கொல்வதாக எழுதினார். அந்தக் கணக்கு எவ்வளவு துல்லியம் என்பது ஒருபுறமிருக்க, மக்கள் அப்படி நம்பினர் என்பதே நமக்கு முக்கியம். நேற்றிருந்த மனிதன் இன்றில்லை என்பது அவர்களுக்கு அன்றாடச் செய்தி. எனவே வதந்தி வெற்றிடத்தில் விழவில்லை.

இப்போது தொல்காப்பியரை நினைத்துப் பாருங்கள். கோயிலில் அணங்கு. காட்டில் விலங்கு. தெருவில் கள்வர். மாளிகையில் இறை. நான்கும் ஒரே கதையில் கைகோத்தன.

பெருங்கட்டுமானத்துக்குத் தலை வேண்டும் என்ற நம்பிக்கை சிங்கப்பூருக்கு மட்டும் உரியதன்று. பாலத்துக்கும் அணைக்கும் நரபலி கொடுத்த கதைகள் நம் தமிழ்நாட்டு ஊர்களிலும் உண்டு. போர்னியோவிலும் புளோரெஸ் தீவிலும் இருபதாம் நூற்றாண்டில்கூட இத்தகைய வதந்திகள் பரவியதை மானிடவியலாளர் பதிவு செய்துள்ளனர். 'பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான்' என்று நம்மை அடக்கிய பாட்டிமாரை மறந்துவிட்டோமா?

கதையை அமைத்த முறை

இம்முறை கோட்டையும் வேண்டா, ஓநாயும் வேண்டா என்று முடிவு செய்தேன். கதை நிகழும் நகருக்குச் 'சிங்கபுரம்' என்று பெயரிட்டேன். மாயம் நிகழக்கூடிய கற்பனைத் துறைமுகம். ஆனால் தெருக்கள் யாவும் நம் தெருக்கள். சிராங்கூன் சாலையின் ஓரம் சுண்ணாம்புச் சூளைகள் புகைகின்றன. அப்பகுதியைப் பழந்தமிழர் 'சுண்ணாம்புக் கம்பம்' என்றனர். இன்றைய வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் முன்பு அவ்விடத்தையொட்டிய பெயரே வழங்கியது. மாணவர் ஆறு பேரும் ஆறு மாந்தராயினர்: தோணிக்காரர், பால்காரப் பெண், கிட்டங்கிக் கணக்கர், தோட்டத்தில் உழைக்கும் சீன இளைஞர், மலாய் மீனவர், கைதிகளுக்குச் சோறு சமைப்பவர்.

விதிகள் எளியவை. ஆளுக்குத் துணிவு 12. அஞ்சத்தக்கது எதிர்ப்பட்டால் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 12க்கு மேற்படாவிட்டால் துணிவு நிலைக்கும். மேற்பட்டால் மூன்றில் ஒன்றைச் செய்தாக வேண்டும்: ஓடலாம், வாயடைத்து நிற்கலாம், அல்லது கண்டதை ஒரு மடங்கு பெரிதாக்கி இன்னொருவரிடம் சொல்லலாம். ஓடினாலோ வாயடைத்தாலோ துணிவில் ஒன்று குறையும். சொன்னால் குறையாது. ஆனால் மேசை நடுவிலுள்ள கிண்ணத்தில் ஒரு புளியங்கொட்டை விழும்.

கிண்ணத்தில் 30 கொட்டைகள் சேர்ந்தால் கும்பல் திரண்டு வரும். யாரைத் தேடி வரும் என்பதை நான் சொல்லவில்லை.

கொட்டையைக் குறைக்க ஒரே வழிதான். "இதை யார் சொன்னது? நேரில் கண்டவர் யார்?" என்று கேட்டு, அம்மனிதரைத் தேடிச் சென்று பேச வேண்டும். உண்மை தெரிந்தால் இரண்டு கொட்டைகளை எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு ஓர் இரவு செலவாகும். மொத்தம் இருப்பவை ஐந்து இரவுகள்.

பழைய தவற்றைத் திருத்திக்கொண்டேன். விளக்குகளை அணைக்கவில்லை. திடீர் ஒலி எதுவும் இல்லை. தொடங்குமுன் எவற்றைக் கதையில் சேர்க்கக்கூடாது என்று ஒவ்வொருவரையும் தாளில் எழுதித் தரச் சொன்னேன். அவற்றைச் சேர்க்கவில்லை. மேசைமீது ஓர் அட்டையை வைத்தேன். எவர் அதைத் தொட்டாலும் அக்காட்சி நிற்கும், காரணம் கேட்கப்படாது. இது இவ்வாட்டம் ஆடுவோரிடையே இன்று பரவலாக உள்ள வழக்கம். ஒரு மாணவன், "சார், சயாம் மரண ரயிலை வைத்து ஆடலாமே?" என்று கேட்டான். மறுத்தேன். அங்கே மாண்ட தமிழ்த் தொழிலாளரின் பேரப்பிள்ளைகள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். சில துயரங்களைக் கேட்கத்தான் வேண்டும், ஆடக்கூடாது.

ஐந்து இரவுகள்

முதல் இரவில் சூளையருகே புலித்தடம் கண்டனர். அச்சம் மெல்லத் தொடங்கியது. இரண்டாம் இரவில், உடலெல்லாம் வெண்மையாக ஓர் உருவம் தோளில் மூட்டையுடன் சாலையைக் கடந்தது. மூட்டைக்குள் உருண்டையாக ஏதோ இருந்தது. அவ்வளவே சொன்னேன். அது என்னவென்று சொல்லவில்லை. அச்சக் கதையில் நடத்துநரின் முதற்கடமை சொல்லாமல் விடுவது என்பதை அன்று கற்றேன். மீதியை அவர்களே இட்டு நிரப்பினர். "மூட்டையிலிருந்து சொட்டுச் சொட்டா ஏதோ விழுது" என்று பால்காரப் பெண்ணாக ஆடிய மாணவி தோணிக்காரரிடம் சொன்னாள். கிண்ணத்தில் கொட்டை விழுந்தது. தோணிக்காரர் மீனவரிடம், "ரெண்டு தலை இருந்துச்சாம்" என்றார். இன்னொன்று விழுந்தது.

நண்பர்களே, ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பத்தி பேசச் சொன்னால் தரையைப் பார்க்கும் பிள்ளைகள் அன்று நாற்பது நிமிடம் தமிழில் பேசினர். பிழையுடன்தான் பேசினர். ஆனால் நிறுத்தாமல் பேசினர்.

மூன்றாம் இரவில் ஆளுநரின் மறுப்பு அறிவிப்பைத் தண்டோராப் போட்டு அறிவித்தேன். உடனே கணக்கர், "பொய்யா இருந்தா ஏன் மறுக்கணும்?" என்று கேட்டார். மூன்று கொட்டைகள் விழுந்தன. 1853இன் மக்கள் மனத்தை எந்தப் பாடநூலும் இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டியதில்லை.

நான்காம் இரவில் சமையற்காரராக ஆடிய மாணவன் மட்டும் வெண்ணுருவத்தைத் தேடிச் சென்றான். அது சூளையில் வேலை செய்யும் கைதி. வெண்மை சுண்ணாம்புத் தூள். மூட்டையில் இருந்தவை தேங்காய்கள். இரண்டு கொட்டைகள் குறைந்தன. ஆனால் ஏனையோர் அவன் பேச்சைக் கேட்கவில்லை. "நீ அவங்களுக்குச் சோறு ஆக்குறவன், அப்படித்தான் சொல்லுவே" என்றனர்.

ஐந்தாம் இரவில் பாழடைந்த கோயிலுக்குள் விளக்கொளி தெரிந்தது. பகடைகள் உருண்டன. மூவர் துணிவிழந்தனர், மூவரும் ஓடவில்லை, வாயடைக்கவும் இல்லை. சொன்னார்கள். முப்பதாவது கொட்டை விழுந்தது. கும்பல் தீப்பந்தங்களுடன் கோயில் கதவை உடைத்தது. உள்ளே ஆவி இல்லை. தஞ்சைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், தாயின் நினைவு நாளுக்குச் சிறையில் விளக்கேற்ற இடமில்லாமல், யாருமற்ற அந்தக் கட்டடத்தின் மூலையில் ஓர் அகலை ஏற்றி வைத்து அமர்ந்திருந்தார்.

அத்துடன் நிறுத்தினேன். பிறகு நடந்ததை விவரிக்கவில்லை. எவரும் கேட்கவும் இல்லை.

சிறிது நேரம் அறையில் ஓசை இல்லை. பால்காரப் பெண்ணாக ஆடியவள் கிண்ணத்தைக் கவிழ்த்து எண்ணத் தொடங்கினாள். "சார், இதுல ஒன்பது நான் போட்டது" என்றாள். அவளுடைய தாயார்தான் என்னை அழைத்தவர்.

மேசையைச் சுற்றி

ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை உடனே வீட்டுக்கு அனுப்பக்கூடாது. அமர்ந்து பேச வேண்டும். 1853இல் உண்மையில் நடந்ததை அப்போதுதான் சொன்னேன். கற்பனை என்று நினைத்திருந்தவர்கள் திகைத்தனர். "அந்தக் கைதிங்க நம்மாளுங்களா, சார்?" என்று ஒருவன் கேட்டான். சிலர் தமிழர், பலர் வேறு மொழியினர், அனைவரும் நம் நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்றேன்.

அவன் சற்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "மின்தூக்கியில ஒரு அம்மா, அடம் பிடிச்ச குழந்தைகிட்ட என்னைக் காட்டி ஏதோ சொன்னாங்க. குழந்தை உடனே அம்மா பின்னால ஒளிஞ்சுக்கிச்சு. அப்ப எனக்கு ஒன்பது வயசு."

இதற்கு என்ன விடை சொல்வது? எனக்கும் அவ்வயதில் அது நேர்ந்ததுண்டு. இந்நகரில் கறுத்த நிறமுடைய பலருக்கும் நேர்ந்திருக்கும். பூச்சாண்டிக் கதையைக் கேட்டு அஞ்சுவது ஒருவகை. தானே பூச்சாண்டியாக்கப்படுவது வேறுவகை.

ஆனால் உரையாடல் அங்கே முடியவில்லை. மீனவராக ஆடிய மாணவி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "எங்க பாட்டியும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனா, புல்வெளியில உட்கார்ந்திருக்கிற வொர்க்கர் அண்ணன்மார் பக்கம் போகாதே, பிடிச்சுக்கிட்டுப் போயிருவாங்கன்னு சொல்லுவாங்க." எல்லாரும் சிரித்தனர். பிறகு சிரிப்பு நின்றது. அந்த அண்ணன்மாருள் பலர் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். நாம் குடியிருக்கும் அடுக்குமாடிகளைக் கட்டுபவர்கள். நான் எதுவும் விளக்கவில்லை. தேவைப்படவில்லை.

அடுத்த வாரம் அவர்களைப் புனித ஆண்ட்ரூ பேராலயத்துக்கு அழைத்துச் சென்றேன். பழைய தேவாலயம் 1855இல் இடிக்கப்பட்டது. புதியதற்கு 1856 மார்ச்சில் அடிக்கல் நாட்டினர். 1862 ஜனவரியில் அர்ப்பணித்தனர். அதைக் கட்டியவர்கள் இந்தியக் கைதிகள். தலை வெட்டுவார்கள் என்று எவர்களைக் கண்டு நகரம் நடுங்கியதோ, அவர்களுடைய கைகளே அதே இடத்தில் அக்கோயிலை எழுப்பின. சுவர்ப்பூச்சுக்கு அவர்கள் கையாண்டது மதராஸ் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்துப் பூசினர். உலர்ந்தபின் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கினர். கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விளக்கியுள்ளார். 1873இல் கைதி முறை இங்கு முடிவுற்றது. சமையற்காரராக ஆடிய மாணவன் சுவரருகே நின்று, "அப்ப மூட்டையில தேங்காய்னு நீங்க சொன்னது சும்மா இல்லையா, சார்?" என்றான்.

ஆட்டத்தைப் பற்றியே ஒரு வதந்தி

பெற்றோரின் கவலைக்கு வருகின்றேன். இவ்வாட்டத்தைப் பற்றி இணையத்தில் தேடினால் அச்சமூட்டும் பழைய செய்திகள் கிடைக்கும். 1979இல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி மாணவர் காணாமற்போனார். இவ்வாட்டத்தை ஆடியே சுரங்க வழிகளில் தொலைந்தார் என்று செய்தி பரவியது. அவர் சில வாரங்களில் உயிருடன் கிடைத்தார். அவருடைய துன்பங்களுக்கு வேறு காரணங்கள் இருந்தன. ஆயினும் வதந்தி நிற்கவில்லை. 1982இல் இத்தகைய ஆட்டம் ஓர் இளைஞரின் மனத்தைச் சிதைப்பதாகத் தொலைக்காட்சிப் படம் வந்தது. 1983இல், மகனை இழந்த ஒரு தாய் இவ்வாட்டத்துக்கு எதிராக இயக்கம் தொடங்கினார். பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இழுக்கின்றது என்ற குற்றச்சாட்டு பல ஆண்டுகள் நீடித்தது. அதற்குச் சான்று கிடைக்கவே இல்லை.

அந்தத் தாயின் துயரம் உண்மை. 1853இன் தோட்டத் தொழிலாளியின் அச்சமும் உண்மைதான். அவனுடைய தோழனைப் புலி கொன்றிருக்கக்கூடும். உண்மையான துயரத்துக்குப் பொய்யான காரணம் கிடைக்கும்போது வதந்தி பிறக்கின்றது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகின்றோம். அவன் ஏன் அரண்டான் என்று கேட்பதில்லை.

ஆகவே என்னை அழைத்த தாயாருக்கு என் முழு விடை இது. அம்மா, தங்கள் மகளை நான் அச்சுறுத்தியது உண்மை. விளக்கொளியில், நண்பர்கள் நடுவில், நிறுத்தும் உரிமையை அவள் கையில் கொடுத்துவிட்டு அச்சுறுத்தினேன். அச்சத்தில் இருக்கும்போது தன் வாயிலிருந்து என்ன சொற்கள் வருகின்றன என்பதை அவள் கேட்க வேண்டும் என்று விரும்பினேன். அவள் கேட்டாள், எண்ணியும் பார்த்தாள்.

இதை நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். உங்கள் ஊரிலேயே கதை இருக்கும். தேசிய நூலகம் கணினியில் ஏற்றியுள்ள பழைய நாளிதழ்களில் தேடுங்கள். கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கு மாணவரை அழைத்துச் செல்லுங்கள். பகடை இல்லாவிட்டால் தாயக்கட்டை போதும். விதிகளைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். புளியங்கொட்டை எந்த வீட்டிலும் கிடைக்கும்.

சென்ற மாதம் அந்த அறுவரும் மீண்டும் வந்து, அதே கதையை மறுபடி ஆட வேண்டும் என்றனர். முடிவு தெரிந்த கதையாயிற்றே என்றேன். "அதுக்குத்தான் சார்" என்றாள் பால்காரப் பெண். அன்று ஐந்தாம் இரவு முடிவில் கிண்ணத்தில் இருந்தவை பதினொரு கொட்டைகள். கொத்தனாரின் அகல் அணையவில்லை.